மூணு தலைமுறைப் படிவம்

"வேற ரத்தமா இருந்தா கொண்டா. இல்லன்னா வந்த வழியாவே போயிரு!"

ஆவுடைநாயகம் போட்ட சத்தத்தில், மன்சூர் கையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். டப்பாவுக்குள் அவனுடைய ஆண் பாம்பு, தனக்கு வந்த வரன் தட்டிப்போவது தெரியாமல் சுருண்டு கிடந்தது.

ஆவுடைநாயகத்துக்குக் குற்றாலத்தில் லாட்ஜ். பொழுதுபோக்கு, குத்துக்கல்வலசை வீட்டு மாடியில் பாம்பு வளர்ப்பு. விஷமில்லாத வெளிநாட்டு மலைப்பாம்புகள். முறையாகப் பதிவு செய்தவை. லாட்ஜில் யாராவது வெந்நீர் கேட்டால், "அதான் அருவி இருக்குல்லா" என்பார். மாடியில் பாம்புகளுக்கு மட்டும் இரவும் பகலும் அளந்து வைத்த சூடு. பாம்பு மூச்சு விடும்போது லேசாக விசில் கேட்டால் போதும், திருநெல்வேலியிலிருந்து கால்நடை டாக்டரைக் கார் வைத்துக் கூட்டிவருவார்.

"அண்ணாச்சி, தென்காசியில இருந்து இத மடியில வச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒரே ஒரு தடவை ஜோடி சேத்துப் பாப்பமே..."

"படிவத்த நிரப்பினேல்லா? நீயே வாசி."

ஜோடி சேர்க்க யார் வந்தாலும் அவர் ஒரு படிவம் நீட்டுவார். ஆண் பாம்பு, பெண் பாம்பு, இரண்டுக்கும் அப்பன் ஆத்தா, தாத்தா பாட்டி. மூன்று தலைமுறை. பேர் கிடையாது, எல்லாம் நம்பர்தான்.

மன்சூர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "உங்க பாம்புக்கும் என் பாம்புக்கும் ஒரு தாத்தா ஒண்ணுதான். ஒரே ஒரு தாத்தா அண்ணாச்சி! மத்ததெல்லாம் வேறல்லா?"

"ஒண்ணு போதும்லே! குட்டி கண்ணில்லாமப் பொரியும். முதுகு கோணும். முட்டைக்குள்ளயே செத்தும் போவும். வாயில்லாச் சீவன்லே அது. 'எனக்கு இந்த ஜோடி வேண்டாம்'னு அதால சொல்ல முடியுமா? நாமதான யோசிக்கணும்?"

சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. மன்சூருக்கே வெட்கமாகப் போய்விட்டது. டப்பாவோடு படியிறங்கினான்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் உமா மகேஸ்வரி. ஒரே மகள். எம்.எஸ்சி. இரண்டாம் வருஷம். சாயந்தரம் அவளுக்குப் பூ வைக்க வருகிறார்கள்.

"எப்பா, எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம்ப்பா."

"ஆரம்பிச்சிட்டியா? நாலு நாளா இதே பாட்டு. பெரியவங்க பேசி முடிச்சாச்சு. வாய மூடிக்கிட்டுப் போயி தலையச் சீவு."

"ஏன் வேண்டாம்னு சொல்லுதேன்னாவது கேளுங்க."

"படிக்க வச்சது என் தப்பு."

கீழேயிருந்து அம்மா உலகம்மாள் கத்தினாள்: "ஏங்க, அவிய வார நேரமாச்சு! பாம்பத் தொட்ட கையோட வந்து தாம்பாளத்தத் தொட்டுராதீங்க. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க!"

உமா நகரவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

"சரி, அத விடுங்க. இன்னொருத்தரும் படிவம் நிரப்பித் தந்திருக்காவ. ஜோடி சேக்கலாமான்னு பாத்துச் சொல்லிருங்க."

படிவம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பர்கள் மேல் விரலை ஓட்டினார்.

"ஆணோட ஆத்தாளும் பெண்ணோட அப்பனும் கூடப்பிறந்தது. ம்... அந்தப் பக்கத் தாத்தா பாட்டி ரெண்டும் ஒண்ணாப் போச்சு." விரல் அடுத்த வரிசைக்குப் போனது. "அடப்பாவி! ஆணோட அப்பனும் பெண்ணோட ஆத்தாளும்கூட அப்படித்தானா? எட்டுக் கட்டத்துல மொத்தமே நாலு நம்பர்தான் இருக்கு!"

"அப்பம் சேக்கக் கூடாதா?"

"எந்த மடப்பய இதக் கேக்கான்? மன்சூராவது ஒரே ஒரு தாத்தாவோட வந்தான். இவன் தாத்தா பாட்டி நாலு பேரையும்லா தூக்கிட்டு வந்திருக்கான்! இவனுக்கெல்லாம் பாம்பு எதுக்கு? புடுங்கிட்டு வெரட்டணும்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்கப்பா. அவிய என் பேச்ச நம்ப மாட்டாவ."

சிவப்புப் பேனாவை எடுத்தார். 'கூடவே கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம்.

"ஏ அண்ணே! என் மருமவ கிளம்பிட்டாளா?"

ஆவுடைநாயகத்தின் தங்கை சுகிர்தத்தின் குரல். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் இறங்கினார். உலகம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். ஒரே பந்தலில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். அவர்களுக்கும் பின்னால், பட்டு வேட்டியில் மாப்பிள்ளை செந்தில்வேல்.

உமா தாளைத் திருப்பி அப்பா கையில் வைத்தாள். எந்த நம்பர் யார் என்று பின்பக்கம் பேர் பேராக எழுதியிருந்தது.

"எனக்கு வாயிருந்தும் பிரயோசனமில்லப்பா. கையெழுத்து உங்களோடது. அத்தைட்ட நீங்களே வாசிச்சுக் காட்டுங்க."