வெர்லின் மாட்டிய படி

சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வாசலில் ட்ரக்கை நிறுத்திய வெர்லின், வழக்கம்போல் கீழே குதிக்கவில்லை.

இறங்கினான். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். தேரிலிருந்து ராணி இறங்குவது மாதிரி.

வாயிலிருந்த சூரியகாந்தி விதையைத் துப்ப மறந்துவிட்டேன்.

வண்டியின் இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே, பளபளவென்று இரும்புப் படி.

எழுபத்தாறாம் வருடத்து ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் அது. வெர்லினே அரையடி உயர்த்தி, டிராக்டருக்குப் போடுகிற அளவில் டயர் மாட்டியது. கதவடி என் இடுப்புக்கு வரும். "படி வச்ச ட்ரக்கும் பாவாடை கட்டுன காளையும் ஒண்ணு" என்று மொன்டானாவில் இந்தக் கோதுமைப் பக்கம் முழுக்க அவன் சொல்லாத ஆள் கிடையாது.

"யோவ், காளைக்குப் பாவாடை தச்சிட்டியா?" என்றேன்.

அவன் காது சிவந்தது. "சும்மா இரு கிளீட். எல்லாம் உன் தங்கச்சிக்காகத்தான்."

அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று. கிணற்றுக்குப் பம்ப் மாட்டுகிறவன். என் தங்கை ஐடெல்லாவுக்கு நாற்பத்தொன்பது. மூன்று வாரமாகச் சனிக்கிழமை தோறும் இருவரும் டவுனுக்கு, பந்தை உருட்டிக் கட்டையைச் சாய்க்கிற பௌலிங் ஆடப் போகிறார்கள்.

முதல் வாரம் அவள் ட்ரக் கதவைப் பார்த்து மலைத்து நின்றாள். அவன் இரண்டு கையையும் கோத்துக் குனிந்தான். அதில் பூட்ஸை வைத்து ஏறினாள்.

அடுத்த வாரம் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

போன வாரம் தூக்கும்போது கால் வழுக்கி, இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து இவன் பதறிப் போய்விட்டான்.

"பாவம், அவங்களுக்கு எவ்வளவு அவமானம்!" என்றான் இப்போது. "இந்த வண்டிக்குப் படி எங்கயும் கிடைக்கல. நானே இரும்பு வாங்கி வெல்டு பண்ணி, போல்ட் போட்டு மாட்டுனேன். மூணு நாள். காபிக் கடையில அத்தனை பேரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறானுங்க."

அதற்குள் ஐடெல்லா நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

படியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏறுங்க" என்றான் வெர்லின், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஏறினாள். கதவை டமார் என்று சாத்தினாள். நேராக முன்னால் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

வெர்லினின் முகம் தொங்கிப் போயிற்று. என் பக்கம் வந்தான். "நான் என்னய்யா தப்பு பண்ணேன்?"

எனக்கே பாவமாக இருந்தது.

"அவ எங்க வேலை பாக்குறா, தெரியுமா?"

"தானியக் கிடங்குல. ஆபீஸ்ல டைப் அடிக்கிறாங்கன்னு நெனைக்கிறேன்."

"டைப்பா? கிடங்கு மேல ஏறி தானியம் சூடாகுதான்னு பாக்குறவ அவதான். எண்பதடி ஏணி. தினம் ரெண்டு தடவை. பனி கொட்டுனாலும் ஏறுவா."

வெர்லின் என்னைப் பார்த்தான். ட்ரக்கைப் பார்த்தான். கடைசியில், அவளைத் தூக்கிவிட்ட தன் இரண்டு கையையும் பார்த்தான்.

பிறகு விறுவிறுவென்று வண்டிக்குப் போய் அவள் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினான்.

"மன்னிச்சிருங்க. படியை நான் சரியா மாட்டல போலிருக்கு. ஆடுது. இப்பவே கழட்டிடறேன், கொஞ்சம் இறங்குங்க."

அந்தப் படியில் ஒரு காளையையே நிறுத்தலாம்.

ஐடெல்லா கதவைத் திறந்தாள். படியில் கால் படாமல், மேலிருந்து பூனை மாதிரி மண்ணில் குதித்தாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். "பயங்கரமா ஆடுது."

அவன் ஸ்பேனரை எடுக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. திறந்த கதவு பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.