தக்காளிக்கு ஒரு விளக்கு

"தக்காளிக்கு ஒரு விளக்கு வேணும்," என்றார் வெர்னா ஹூக்ஸ்ட்ரா, குரலைத் தாழ்த்தி.

டாரலுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

மிச்சிகனில் கஞ்சாச் செடி வளர்த்தால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்குள் செடி வளர்க்கும் விளக்குகளை விற்கும் டாரலின் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் 'தக்காளிக்கு' என்றுதான் கேட்பார்கள். டாரல் கண்ணடித்துவிட்டு எடுத்துக் கொடுப்பான். சட்டம் மாறி, வீட்டுக்குப் பன்னிரண்டு செடி வரை வளர்க்கலாம் என்று ஆன பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் இந்த அம்மா! கடை திறந்த அன்று வாசலில் எதிர்ப்பு அட்டை பிடித்து நின்ற சர்ச் கூட்டத்துக்கே தலைவி. புதுப் பெயர்ப்பலகையில் கஞ்சா இலை போட்டிருக்கிறான் என்று போன மாதம்கூட நகரமன்றத்தில் எழுந்து எதிர்த்தவர். வரும் செவ்வாய்க்கிழமை அந்தப் பலகையை அனுமதிக்கலாமா என்று அங்கே ஓட்டெடுப்பு.

மாட்டினாயா என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தான் டாரல்.

"எத்தனை செடிம்மா?"

"பன்னிரண்டு."

சட்டம் தெரிந்துதான் இறங்கியிருக்கிறார்!

"பூக்கிற பருவமா, இலை விடுற பருவமா?"

"இப்போதான் இலை விடுது. தண்டு நோஞ்சானா நீண்டுக்கிட்டே போகுது. கீழ்த்தளத்துல வெச்சிருக்கேன். ஊதா வெளிச்சம் மட்டும் வேண்டாம்ப்பா. ஜன்னல் வழியா தெரிஞ்சா சர்ச்சுல பேச்சாயிடும். ஹார்லன் காதுக்கும் போயிடும்."

"வீட்டுக்காரருக்கே தெரியாமலா?"

"அவருக்குத்தான் முக்கியமா தெரியக்கூடாது."

வெர்னா அலமாரியில் இருந்த ஒரு சின்னக் குழல் விளக்கைக் காட்டினார். "இது போதுமா?"

"அட, அது எதுக்கு? *உங்க* தக்காளிக்கு இதுதான் சரி." கடையிலேயே பெரிய விளக்கை எடுத்து வைத்தான். "நீலம் கலந்த வெள்ளை. இலை நல்லா பிடிக்கும். ஒன்றரை அடி மேல தொங்கவிடுங்க. தினம் பதினெட்டு மணி நேரம் எரியட்டும்."

சொல்லிவிட்டுக் கண்ணடித்தான்.

"கண்ணுல தூசியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார் வெர்னா.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து வாயைத் திறக்கட்டும். 'உங்க தக்காளி எப்படி இருக்கு?' என்று ஊருக்கு நடுவில் ஒரே ஒரு கேள்வி. பலகை தானாக ஏறிவிடும் என்று கணக்குப் போட்டான் டாரல்.

திங்கள்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"டாரல், இலையெல்லாம் வெளுத்துச் சுருளுது. கொஞ்சம் ஓடி வாயேன். ஹார்லன் தூங்கறார்."

ஆதாரத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று வேனை விரட்டிக்கொண்டு போனான்.

கீழ்த்தளத்தில் பன்னிரண்டு சின்னத் தொட்டிகள். டாரல் குனிந்தான். ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தான். இன்னொன்றையும் முகர்ந்தான்.

"அம்மா, இது தக்காளி!"

"பின்னே என்ன, கத்தரிக்காயா? தக்காளின்னுதானேப்பா கேட்டேன்?"

டாரலின் காது சிவந்துவிட்டது. "இந்தப் பிஞ்சு நாத்துக்கு அவ்வளவு பெரிய விளக்கு ஆகாதும்மா. கருக்கிடும். சின்னக் குழல் விளக்கே போதும்."

"அதைத்தானே நான் காட்டினேன்?"

"சரி, தக்காளிக்கு எதுக்கும்மா இவ்வளவு ஒளிவு மறைவு?"

வெர்னா படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"நாப்பது வருஷமா மே மாசம் இந்த ஊர் பூரா ஹார்லன் குடுத்த நாத்துதான். உங்க வீட்டுக்கும்தான்."

"தெரியுமே."

"பக்கவாதம் வந்ததுலேருந்து அவருக்கு ஞாபகம் நிக்கறதில்லை. ஊத்தினதை மறந்துட்டு மறுபடியும் மறுபடியும் தண்ணி ஊத்தறார். மேல ஜன்னல்ல வெச்ச நாத்தெல்லாம் அழுகிப்போகுது. அவர் தூங்கறப்போ நான் அதை எடுத்துட்டு, இங்கேருந்து நல்லதைக் கொண்டுபோய் வெக்கிறேன். தன் கையால வளருதுன்னு நம்பித்தான்ப்பா காலையில எழுந்திருக்கிறார். இது தெரிஞ்சுதுன்னா அப்படியே படுத்துடுவார்."

டாரலுக்குத் தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது. வேனுக்கு ஓடினான். இரண்டு குழல் விளக்கைக் கொண்டுவந்து, பெரியதைக் கழற்றிவிட்டு மாட்டினான்.

"பத்து நாள்ல தேறிடும்மா."

"ரொம்ப நன்றிப்பா. ஆனா ஒண்ணு. நாளைக்கு உன் பலகையை எதிர்த்துத்தான் பேசுவேன். அது வேற விஷயம்."

"தாராளமா பேசுங்கம்மா."

மேலே வந்தபோது ஹார்லன் விழித்திருந்தார். ஜன்னலோரம் சக்கர நாற்காலி. அவருக்கு முன்னால், இலை வெளுக்கும் முன்பே வெர்னா கொண்டுவந்து வைத்த நாற்றுகள் வரிசையாகப் பச்சைப்பசேல் என்று இருந்தன.

"யாரது, டாரலா? கீழே என்னடா வேலை?"

"குழாய் ஒழுகுதுன்னு அம்மா கூப்பிட்டாங்க சார்."

"இதைப் பார்த்தியா? வெறும் ஜன்னல் வெயில்தான். என்னமோ விளக்கு விளக்குன்னு விக்கிறியே, உன் விளக்குல இப்படி வளருமாடா?"

பதினைந்து வருஷமாக அந்த விளக்கை விற்றுத்தான் சாப்பிடுகிறான் டாரல்.

"சான்ஸே இல்லை சார். அந்த விளக்கெல்லாம் சும்மா. ஏமாந்தவன்தான் வாங்குவான்."

ஹார்லன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த வெர்னா, டாரலைப் பார்த்துக் கண்ணடித்தார்.