எட்டே நிமிஷம்

பெரம்பலூரில் வீரமணி நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் மூச்சு வாங்க நுழைந்தார் ஜெயசித்ரா. லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

"அட்மின் பாஸ்வேர்டு இல்லாம இதைத் திறக்க முடியுமா தம்பி?"

"முதல்ல இது உங்களோடதுதான்னு எனக்குத் தெரியணும் மேடம்."

பில்லையும் அடையாள அட்டையையும் நீட்டினார். பெயர் சரியாக இருந்தது. வீரமணிக்குக் கை பரபரத்தது. இந்த மாதிரி வேலை கிடைத்தால் அவனுக்குச் சோறு தண்ணீர்கூட வேண்டாம். பென்டிரைவைச் செருகி, மளமளவென்று தட்டினான். ஜெயசித்ரா கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறந்துடுச்சு மேடம்! பழைய பாஸ்வேர்டைத் தூக்கிட்டேன். ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு!" என்று துள்ளினான் வீரமணி.

"எட்டே நிமிஷம்" என்றார் ஜெயசித்ரா.

"இனிமே மறந்துடாதீங்க மேடம்."

"நான் மறக்கவே இல்ல தம்பி. காலையில அரியலூர் பஸ்ல இதை விட்டுட்டு இறங்கிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு. பாஸ்வேர்டு இருக்கே, யாரும் திறந்திருக்க முடியாதுன்னு எங்க பிரின்ஸிபால்கிட்ட சொல்லிட்டேன். அது நெசமான்னு பார்க்கத்தான் வந்தேன்."

"உள்ள என்ன மேடம் இருக்கு?"

"நாளைக்குப் பசங்க எழுதப்போற பரீட்சையோட கேள்வித்தாள்."

உடனே போனை எடுத்தார். "சார், திறக்க முடியுது. எல்லாக் கேள்வியையும் மாத்திடலாம். இப்பவே கிளம்பி வரேன்."

"கொஞ்சம் உட்காருங்க மேடம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் வீரமணி. "ஃபைல் எல்லாம் இருக்கிற டிஸ்க்கையே பூட்டித் தரேன். அப்புறம் என்னாலகூட திறக்க முடியாது."