வெங்காயம் பொய் சொல்லாது

திருட்டுத் தொழிலில் நாயைப் பார்க்கிறவன் உண்டு, பூட்டைப் பார்க்கிறவன் உண்டு. கூட்டாளிகள் 'நிதானம்' என்று பட்டம் சூட்டியிருந்த நம் ஆள் வெங்காயத்தைப் பார்ப்பான்.

பூட்டு பொய் சொல்லும். வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு உள்ளே குறட்டை விடுகிறவர்கள் எத்தனையோ பேர். சமையலறைக் கூடையில் கிடக்கும் வெங்காயம் அப்படியில்லை. மழைக்காலத்தில் ஆள் இல்லாத வீடென்றால் பச்சையாக வால் விட்டு நிற்கும். பக்கத்திலேயே உருளைக்கிழங்குக்கும் முளை கிளம்பியிருக்கும். முளைத்திருந்தால் வீடு காலி, தாராளமாக நுழையலாம். முளைக்காவிட்டால் யாரோ புதிதாக வாங்கி வந்து சமைக்கிறார்கள், அந்தப் பக்கமே போகக் கூடாது. அடுப்பு ரிப்பேர்காரன் வேஷத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி அவன் கற்ற பாடம் இது.

ஒரே ஒரு தடவை வெங்காயத்தைப் பார்க்காமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். நேராகச் சிறைக்குப் போனான். திரும்பி வந்த அன்று மனைவி வாசலிலேயே நிறுத்தினாள்.

"இன்னொரு தரம் உள்ள போனீங்கன்னா, திரும்பி வர்றப்ப பூட்டின வீட்டைத்தான் பாப்பீங்க. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அவள் சொன்னதைச் செய்கிறவள். அவனுக்கோ அவள் மேல் உயிர். அதற்காகத் தொழிலை விட்டுவிட முடியுமா? வெங்காயத்தின் உத்தரவு இல்லாமல் எந்தக் கதவையும் தொடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்தான். அப்படிச் செய்த இரண்டு வீடுகளும் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தன.

மூலை வீட்டைப் பற்றித் துப்புக் கொண்டுவந்தவன் மனைவியின் தம்பி.

"மாமா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மக பிரசவத்துக்கு வெளிநாடு போயிட்டாங்க. வர்றதுக்கு மூணு மாசம் ஆகுமாம்."

"அவரு எங்க வேலை பாக்குறாரு?"

"ஊருக்கு வெளிய காய்கறிக்குக் கதிர் காட்டுற ஆலை இருக்குல்ல, அதுல பெரிய அதிகாரி."

"காய்கறிக்கு எதுக்குடா கதிரு? அதுக்கென்ன எலும்பா முறிஞ்சிருக்கு?"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

ஆறப்போட்டு, ஒரு மாதம் கழித்துத்தான் நிதானம் அந்தப் பக்கம் போனான். சந்துப் பக்கமிருந்த சமையலறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பிக் கூடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் குவிந்து கிடந்தன. ஒன்றில்கூட முளை இல்லை. அடுத்த வாரமும் போய்ப் பார்த்தான், அதற்கடுத்த வாரமும் பார்த்தான். அப்படியேதான் இருந்தன. அவன் வீட்டு வெங்காயமெல்லாம் இந்த மழையில் தாடி வளர்த்துக்கொண்டு நின்றன.

"உள்ள ஆள் இருக்குடா."

"வாசல்ல பூட்டு தொங்குதே மாமா!"

"அதான் சொல்றேன். வெளிய பூட்டு, உள்ள புது வெங்காயம். தின்னத் தின்ன நிரப்பி வைக்கிறாங்க. ஒளிஞ்சிருந்து திங்கிறது யாரு? போலீஸ்டா! பொறி வச்சிருக்காங்க."

"சமைக்கிற வாசனையே வரலியே?"

"வாசனை வராம சமைக்கிறாங்கன்னா எவ்வளவு பெரிய போலீஸா இருக்கணும்!"

அதன் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று தடவை ஜன்னலில் முகத்தைக் காட்டியாகிவிட்டது. அவர்கள் வந்து பிடித்தால் நெடுநாள் சிறை, வெளியே வந்தால் பூட்டின வீடு. பிடிப்பதற்கு முன்னால் தானாகப் போய் ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்று பழைய வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. மனைவியும் மனம் இரங்கலாம்.

மறுநாள் நண்பகல், தூறலில் நனைந்துகொண்டே அந்த ஜன்னலுக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றான்.

"ஐயா, நீங்க உள்ள இருக்கிறது எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சங்கிலி நான் எடுத்ததுதான். தையல் டீச்சர் வீட்டு வளையலும் நான்தான். ரெண்டும் என் வீட்டுத் தண்ணித்தொட்டிக்கு அடியில பத்திரமா இருக்கு. என் பொண்டாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. அவளை மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க!"

உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. நம்பவில்லையோ என்று பயந்து, கல்யாணத்துக்கு முன்னால் செய்த திருட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். கண்ணீர் நிஜமாகவே வந்தது.

பின்னால் யாரோ இருமினார்கள். சைக்கிளைப் பிடித்தபடி, மழைக்கோட்டு போட்ட போலீஸ்காரர் ஒருவர் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தார். பூட்டிய வீட்டை அவ்வப்போது பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"யாருகிட்டய்யா பேசிக்கிட்டிருக்கே?"

"உள்ள இருக்கிற உங்க ஆளுங்ககிட்டதான் சார்."

போலீஸ்காரர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "உள்ள ஈ காக்கா கிடையாதே. அவங்க ஊருக்குப் போன நாளா வீடு பூட்டித்தான் கிடக்கு."

"அப்ப இந்த வெங்காயம் எப்படி சார் முளைக்காம இருக்கு?"

போலீஸ்காரர் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார்.

"முளைக்கக் கூடாதுன்னுதானேய்யா இந்த வீட்டுக்காரரு வேலை பாக்குற ஆலையில அதுக்குக் காமா கதிர் காட்டுறாங்க!"