மெக்கானிக் வீட்டு ஏசி

"ஊர்ல இருக்கற ஏசியெல்லாம் உங்க கையில. உங்க வீட்டு ஏசி மட்டும் என் தலையெழுத்தா?"

காலையில் பூண்டுச் சோறும் கருவாடும் எடுத்து வைத்தபடியே மெர்லின்டா ஆரம்பித்துவிட்டாள்.

ரொகேலியோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பார்க்கறேன்னுதானே சொல்றேன். கம்ப்ரசர் போச்சு. பழைய மாடல், அதுக்குப் பார்ட்ஸ் வரணும்."

"எங்கிருந்து வரணும்? நிலாவுலேர்ந்தா?"

"சீசன் முடியட்டும், மெர்லி."

பைக்கை எடுத்துக்கொண்டு போயே விட்டான்.

ஏப்ரல் மாதக் கோடையில், பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்தில் பாதிரியாரைக்கூடப் பிடித்துவிடலாம், ஏசி மெக்கானிக்கைப் பிடிக்க முடியாது. மெர்லின்டாவோ ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டே புழுங்கினாள்.

ஏசி கெட்டுப்போனது அவள் அக்கா தெரசிட்டாவின் அறையில். அக்கா புருஷன் இறந்து நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும், "தீவுல தனியா என்ன பண்ணப் போறே? எங்ககூட வந்துடு" என்று மெர்லின்டாதான் படகேற்றிக் கூட்டிவந்தாள். வீட்டில் இருப்பது இரண்டு ஏசி. அதில் ஒன்று இருக்கும் அறையை அக்காவுக்கே விட்டுக்கொடுத்தாள். வந்த சில நாளிலேயே அந்த ஏசி படுத்துவிட்டது.

அன்றிலிருந்து அக்காவும் ஒரு பாயை எடுத்துக்கொண்டு இவர்கள் அறைக்கு வந்துவிட்டாள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண்கள், அக்கா எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். கோடையில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஆனால் அந்த வீடுகளில் மெக்கானிக் இல்லையே!

'இதே அவரோட தங்கச்சி வந்திருந்தா புது ஏசியே மாட்டியிருப்பார். என் அக்காதானே! கொஞ்ச நாள் இடிபட்டுக் கிடந்தா தானா கிளம்பிடுவான்னு கணக்குப் போடறார்.'

அக்கா ரோஷக்காரி. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூட்டையைக் கட்டிவிடுவாள். அப்புறம் தீவில் அந்தக் காலி வீட்டில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பாள்.

அன்று துணிந்து அடுத்த தெரு மெக்கானிக் அர்னெலுக்குப் போன் போட்டாள்.

அர்னெல் வாசலிலேயே நின்றுவிட்டான். "அக்கா, இது ரொகேலியோ அண்ணன் வீடாச்சே! டாக்டர் வீட்டுக்கே ஊசி போட வந்த மாதிரி இருக்கு. நாளைக்கு எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி நிப்பேன்?"

"அந்த டாக்டருக்கு வீட்டு நோயாளி மட்டும் கண்ணுக்குத் தெரியலை. நீ உள்ளே வா."

ஜன்னல் ஏசியை வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தவன் தலையைச் சொறிந்தான்.

"புதுசு மாதிரி சுத்தமா இருக்குக்கா. ஒரு கோளாறும் இல்லை. கம்ப்ரசருக்குப் போற ஒயரை மட்டும் யாரோ கழட்டி, நுனியில டேப் சுத்தி, பத்திரமா மடிச்சு வச்சிருக்காங்க."

"யாரோவா?"

அர்னெல் அவசரமாகக் குனிந்துகொண்டான். ஒயரை மாட்டி சுவிட்சைப் போட்டான். ஜில்லென்று காற்று வந்தது. மெர்லின்டாவுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது.

சர்ச்சுக்குப் போயிருந்த தெரசிட்டா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"வாக்கா! உன் தங்கச்சி புருஷன் லட்சணத்தை வந்து பாரு. வேணும்னே ஒயரைக் கழட்டி வச்சுட்டு, பார்ட்ஸ் வரணும்னு கதை விட்டிருக்கார். வரட்டும், இன்னிக்கு இருக்கு அவருக்கு. நீ இனிமே உன் ரூம்லயே ஜம்முனு காலை நீட்டிப் படு."

தெரசிட்டாவின் முகம் வாடிவிட்டது. குளிர்ந்த அறையை எட்டிப் பார்த்தாள். உள்ளே காலை வைக்கவில்லை.

"தம்பி, அந்த ஒயரை இருந்த மாதிரியே கழட்டி வச்சுடறியா?"

"அக்கா!"

"கத்தாதேடி. அவர் கழட்டினதை நான் பார்த்தேன். கடைக்குப் போனவ பர்ஸை மறந்துட்டுத் திரும்பி வந்தேன். ஏசியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போடாம அப்படியே திரும்பிட்டேன்."

"பார்த்துட்டு ஏன் சும்மா இருந்தே?"

"அதுக்கு முதல் நாள், விடியக்காலையில வேலைக்குக் கிளம்பினவர், என் ரூம்ல லைட் எரியுதேன்னு எட்டிப் பார்த்தார். நான் ராத்திரி பூரா தூங்காம கட்டில்ல உட்கார்ந்திருந்தேன். 'தினமும் இப்படித்தானாக்கா?'ன்னு கேட்டார். நான் லைட்டை அணைச்சுட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து தனியாப் படுத்துப் பழக்கமில்லடி எனக்கு. நீ ஆசை ஆசையா ஒரு ரூமையே கொடுத்திருக்கே. 'தனியாப் படுக்க முடியலை, உங்க பக்கத்துல ஒரு ஓரமா படுத்துக்கறேன்'னு இந்த வயசுல எப்படி வாய் விட்டுக் கேட்பேன்? நீங்களே கூப்பிட்டிருந்தாலும் வெட்கப்பட்டுக்கிட்டு வந்திருக்க மாட்டேன். ஏசி கெட்டுப்போச்சுன்னா யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை பாரு."

மெர்லின்டா கையை நீட்டி ஏசி சுவிட்சை அணைத்தாள்.

"அன்னிக்குத்தான், உன் பொண்ணுங்க நடுவுல, என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் முதல் தடவையா நான் தூங்கினேன். உன் புருஷன் நல்லா இருக்கணும்டி. தினமும் ஜெபத்துல அவர் பேரைச் சொல்லித்தான் முடிக்கறேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. கூச்சப்படுவார்."

அர்னெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

அவன் டேப் சுற்றி முடிக்கவும் வாசலில் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளே வந்த ரொகேலியோ, அர்னெலையும் வெளியே இழுத்து வைத்திருந்த ஏசியையும் பார்த்து வெளிறிப்போனான்.

மெர்லின்டா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. தம்பியும் பார்த்துட்டான். இந்த ஏசி இப்போதைக்குத் தேறாதாம்."