வாசலுக்கு நேரே ஒரு கட்டில்

"மாமா, ஒரேயொரு பொய். அதைச் சொன்னா உங்க நாக்கு என்ன அறுந்தா விழும்?"

சரோஜம் இப்படிக் கேட்பது அன்றைக்கு நாலாவது தடவை. பொன்னுதாஸ் தலையை ஆட்டினார். ஆகாது என்று அர்த்தம்.

உள்ளே கட்டிலில் சரோஜத்தின் அம்மா செல்லபாய் சாகக் கிடந்தாள். கட்டிலை வாசலுக்கு நேரே திருப்பிப் போடச் சொன்னதும் அவள்தான். ஷார்ஜாவிலிருந்து மகன் ஜெனில் வருவான் என்று கண்ணை வாசலிலேயே வைத்திருந்தாள்.

ஜெனில் வரமாட்டான். ஒன்பது வருடத்துக்கு முன்னால், அவன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை முற்றத்தோடு திருப்பி அனுப்பியவள் இதே அம்மாதான். அதன் பிறகு அவன் இந்தப் பாறசாலை மண்ணை மிதிக்கவில்லை. நேற்றுச் சரோஜம் போனில் கூப்பிட்டபோதும், "இப்பத்தான் மகன் ஞாபகம் வந்ததா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டான்.

"நாளைக்கு வாறான் அம்மா" என்று சரோஜம் சொல்லிப் பார்த்தாள். சபைப் போதகரும் சொல்லிப் பார்த்தார்.

"நீங்க எல்லாம் சும்மா சொல்லுவிய. தாசு சொல்லட்டு, நம்புதேன்" என்றுவிட்டாள் செல்லபாய்.

அங்கேதான் சிக்கல். அவள் தம்பி பொன்னுதாஸ் பொய் சொல்லமாட்டார். பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கிருந்தோ ஒரு புத்தர் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, இனிப் பொய் கிடையாது என்று விரதம் எடுத்தவர். பதினெட்டு வருடமாகக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஒருமுறை சரோஜம் புது வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபத்துக்கு எல்லாரையும் அழைத்திருந்தாள். "வீடு எப்படி மாமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கு. ஒருநாள் இடியும்."

அவள் மகள் அஜிஷாவின் கல்யாணத்தில், பிரியாணி எப்படி என்று சம்பந்தி வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"வேகல்லை."

எதைச் சொன்னாலும் கடைசியில், "எல்லாம் அநித்தியம், மக்கா" என்று ஒன்று வரும். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே அநித்தியம் மாமா.

சரோஜத்துக்குப் பொறுமை போயிற்று.

"சாவும்போ மனசு எதைப் பிடிச்சிட்டு கிடக்கோ, அதுதான் கூடப் போவும்ணு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே? எங்க அம்மை இப்போ வாசப்படியைப் பிடிச்சிட்டு கிடக்கா. அதை விடவைக்க உங்களுக்கு வாயில்லை!"

"அதைத்தான் மக்கா நானும் பாக்கேன்."

"என்னத்தைப் பாக்கிய? ரெண்டு நாளா பல்லி மாதிரி அவ பக்கத்தில ஒட்டிட்டு இருக்கிய. 'தாசு, அவன் வருவானா?'ண்ணு அவ கேக்கா. நீங்க அவளுக்க கையைத் தடவிட்டு ஊமை மாதிரி இருக்கிய. உங்க புத்தரு கருணைண்ணு ஒண்ணும் எழுதி வைக்கல்லையா?"

பொன்னுதாஸ் உள்ளே போய் மறுபடியும் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கடைசிக் கட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் ஓமனக்குட்டி ஸ்கூட்டரில் வந்தாள். செல்லபாயின் கண் இமையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தலையணையைச் சரிசெய்துவிட்டு, சரோஜத்திடமும் பொன்னுதாஸிடமும் மலையாளம் கலந்து மெல்லச் சொன்னாள்.

"சேச்சீ, இனி அதிகம் இல்லை. கண்ணு காணாது. தலையும் திருப்ப முடியாது. ஆனா காது கேக்கும், கேட்டோ. பேசணும்னா பேசிக்கோ."

கட்டிலில் உதடு மட்டும் அசைந்தது.

"தாசு... வருவானா?"

சரோஜம் பல்லைக் கடித்தாள். இந்த மனுசன் இப்போதும் அநித்தியம் என்று ஆரம்பித்தால், ஸ்டூலோடு தூக்கி முற்றத்தில் போடுவது என்று முடிவு செய்துவிட்டாள்.

பொன்னுதாஸ் குனிந்து அக்காளின் காதில் வாயை வைத்தார்.

"அக்கா, ஜெனில் வந்தாச்சு."

ஜெபப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த சபைப் பெண்கள் வாயை மூட மறந்து அப்படியே நின்றார்கள்.

"ஏர்போட்டில இருந்து நேரே கார்ல வந்திருக்கான். அவளும் கூட உண்டு, ஒரு பயலும் உண்டு. முற்றத்தில நிண்ணு செருப்பைக் கழத்துதாவ. பயலுக்கு உனக்க மூக்காக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளையும் உள்ளே வரச் சொல்லட்டா, அக்கா?"

செல்லபாயின் முகம் மெல்ல இளகியது.

"வரச் சொல்லு... சரோஜம், அவியளுக்கு மரச்சீனிக் கிழங்கு எடுத்து வை."

மூன்று நாளாகப் போர்வை நுனியை இறுக்கிக் கொண்டிருந்த விரல்கள் தாமாகப் பிரிந்தன. அரை மணி நேரத்தில் மூச்சும் அடங்கியது.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், சரோஜம் கட்டன் சாயாவைக் கொண்டுவந்து மாமாவின் முன்னால் 'ணங்'கென்று வைத்தாள்.

"பதினெட்டு வருச விரதம் என்ன ஆச்சு?"

"போச்சு. அதுவும் அநித்தியமாக்கும்."

"போறது போவுது, அதை முதல் நாளே விட்டிருக்கப்பிடாதா? எங்க அம்மை ரெண்டு நாளு அந்த வாசலைப் பாத்துப் பாத்து வெந்தாளே! ஒரு பொய் சொல்ல உங்களுக்கு மூணு நாளு வேணுமா?"

பொன்னுதாஸ் சாயாவை எடுக்கவில்லை. வாசலுக்கு நேரே வெறுமனே கிடந்த கட்டிலைப் பார்த்தார்.

"அண்ணைக்கு அவளுக்குக் கண்ணு தெரியும், மக்கா. வந்தாச்சுண்ணு சொன்னா, வாசலைப் பாத்திருப்பா."