இன்னும் இரையுது

“இன்னும் இரையுது” என்றாள் பச்சையம்மாள், டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தபடி.

மெக்கானிக் செழியனுக்கு எரிச்சலாக வந்தது. அந்த டீசல் பிக்கப்பைச் செங்கம் ரோட்டில் அவன் ஓட்டிப் பார்ப்பது இது மூன்றாவது தடவை. புது சைலன்ஸர் போட்டு, தரை முழுக்க ரப்பர் ஷீட்டும் ஒட்டியாயிற்று.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே. அண்ணே, உங்களுக்கு?”

“நல்லா கம்மியாயிடுச்சுப்பா” என்றான் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் முனிரத்தினம்.

“அம்பதைத் தாண்டுனா இரையுது. அது நிக்காம வண்டிய எடுத்துக்கிட்டுப் போவ மாட்டேன்” என்றாள் அவள்.

பட்டறைக்குத் திரும்பியதும் செழியன் வேண்டாவெறுப்பாக வண்டிக்கு அடியில் படுத்தான். சைலன்ஸரைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் லேசாகச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது.

“எப்பிடிக்கா உங்க காதுல மட்டும் விழுந்துச்சு?” என்று அடியிலிருந்தே கேட்டான்.

பதில் இல்லை. வெளியே வந்து மறுபடி கேட்டான். முனிரத்தினம் அவள் தோளைத் தொட்டு, அவன் பக்கம் திருப்பினான்.

“மூஞ்சியப் பாத்துக் கேளு தம்பி. இவளுக்குப் பன்னெண்டு வருசம் ரைஸ் மில்லுல வேலை. ரெண்டு காதும் போச்சு. இரையுறது கையிலதான் தெரிஞ்சுது.”

செழியன் அவளைப் பார்த்து மெதுவாகக் கேட்டான். “அப்போ இந்தச் சத்தம் உங்களுக்கு...”

“எனக்கு என்னா? தெனம் ஓட்டுறது அவரு. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து இருக்கிறது அந்த ஒரு ஜோடி காதுதான்.”